கருப்பன் மூன்று, சிப் எண் எத்தனை? விலங்குக் காப்பகங்களுக்குக் கட்டுப்படியாகும் கணினிப் பதிவேடு

தம்போய்: ஜொகூர்பாருவில் தெருநாய், தெருப்பூனை பற்றிய சர்ச்சை கிளம்பும்போதெல்லாம் பேச்சு மூன்று பக்கமாகப் பிரிந்துவிடும். தெருவில் சோறு போடுகிறவர்களைக் கண்டிப்பவர்கள் ஒரு பக்கம். நாய் பிடிக்க வரும் ஊராட்சி மன்ற வண்டியைக் கண்டிப்பவர்கள் மறு பக்கம். காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் மூன்றாவது பக்கம். காப்பகத்துக்குள் போன பிராணிக்கு அதன் பிறகு என்ன நடந்தது, அதை யார், எதில் எழுதி வைத்தார்கள் என்பது மட்டும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை.

சில்லறை விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் தடுப்பூசித் தேதி தவறிப்போவது, கருத்தடை செய்யாமல் தத்துப் போன பூனை குட்டி போடுவது, நாயைத் தேடி வந்தவரிடம் "இங்கே இல்லை" என்று சொல்லி அனுப்பிய பிறகு அதே நாய் பின்வரிசைக் கூண்டில் கிடப்பது எல்லாம் நிகழ்வது இந்த ஓட்டையில்தான்.

தம்போய் வட்டாரம் இதற்கு நல்ல உதாரணம். பெர்மாய் மருத்துவமனை, பிளாசா அங்சானா, தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள், பழைய வீடமைப்புப் பகுதிகள் எல்லாம் நெருங்கிக் கிடக்கும் இடம். விடியும் முன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் அதிகம். தொழிற்சாலைக் காவலுக்கு வளர்த்த நாய், ஆலை இடம் மாறியதும் தெருவுக்கு வரும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பூனை ஒரே ஆண்டில் ஒரு கூட்டமாகிவிடும். இவற்றைத் தூக்கிப் போய்க் காப்பவர்களில் பதிவு பெற்ற சங்கங்களும் உண்டு, வீட்டின் பின்புறத்தில் பத்துப் பதினைந்து கூண்டு போட்டு நடத்துகிறவர்களும் உண்டு.

இவர்கள் கணக்கு வைக்கும் முறை பெரும்பாலும் மூன்றே வகை. சட்டைப் பையில் அடங்கும் 555 புத்தகம், புலனக் குழுவில் குவியும் படங்கள், யாரோ ஒரு தன்னார்வலரின் மடிக்கணினியில் இருக்கும் எக்செல் கோப்பு. கடைக்காரர் கடன் எழுதிய அதே 555 புத்தகம் இன்று பூனைக்குப் பூச்சி மருந்து கொடுத்த தேதியைச் சுமக்கிறது. அதில் தவறேதும் இல்லை. இருபது பிராணி வரைக்கும் புத்தகமே போதும். எண்ணிக்கை இருநூறைத் தொடும்போதுதான் சிக்கல்.

பெயர் அடையாளம் ஆகாது

முதல் சிக்கல் பெயர். எந்தக் காப்பகத்திலும் கருப்பன் ஒருவனோடு நிற்பதில்லை. தமிழ்ப் பணியாளர் கருப்பன் என்று எழுதுவார், சீனத் தன்னார்வலர் பிளாக்கி என்பார், கிளினிக் சீட்டில் ஹித்தாம் என்று இருக்கும். மூன்றும் ஒரே நாயா, மூன்று நாய்களா என்பது அந்தக் கூண்டைத் தினமும் கழுவுகிறவருக்கு மட்டுமே தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த நாயின் மருத்துவ வரலாறும் அவரோடு போய்விடும். மறுபடி ஊசி போடுவார்கள், அல்லது போட்டாயிற்று என்று நம்பி விட்டுவிடுவார்கள்.

இதற்காகத்தான் தரவுத்தளம் என்பதில் ஒவ்வொரு உயிருக்கும் மாறாத, மறுபடி வேறொன்றுக்குக் கொடுக்கப்படாத ஓர் எண் தரப்படுகிறது. பெயர் மாறலாம், கூண்டு மாறலாம், தத்தெடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து விடலாம். எண் மாறாது. மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் வேலை இன்னும் சுலபம். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் வரும் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். மலேசியாவின் நாட்டு எண் 458.

பலரும் நினைப்பதுபோல் சிப்புக்குள் உரிமையாளரின் பெயரோ தொலைபேசி எண்ணோ கிடையாது. அது இருக்கும் இடத்தையும் காட்டாது. ஸ்கேனர் வைத்தால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண் யாருடையது என்று சொல்ல எங்கோ ஒரு பதிவேடு சரியாக இருந்தாக வேண்டும். சிப் விற்ற நிறுவனத்திடம் ஒரு பட்டியல், பொருத்திய கிளினிக்கிடம் ஒன்று, காப்பகத்திடம் ஒன்று என்று விவரம் சிதறிக் கிடந்தால், சிப் போட்ட செலவு வீண்.

எக்செல் எங்கே கைவிடும்?

"எக்செல் இருக்கும்போது எதற்கு மென்பொருள்?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் காப்பகக் கணக்குக்கு எக்செல் சில குறிப்பிட்ட இடங்களில் காலை வாரிவிடும்.

15 இலக்க சிப் எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் அது 4.58E+14 என்று சுருங்கித் தெரியும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும், மீட்க வழியில்லை. 01 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணின் முதல் பூஜ்ஜியத்தையும் எக்செல் தின்றுவிடும். 03/04/2025 என்று எழுதினால் நம் வழக்கப்படி ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி அதை மார்ச் 4 என்று படிக்கும். நாய்க்குட்டிகளுக்கான ஊசி இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வார வயது வரை போடப்பட வேண்டியது. ஒரு மாதம் தள்ளிப் போனால் பார்வோ வைரஸ் காத்திருக்காது. ஒரு கூண்டில் நுழைந்தால் வரிசை முழுவதும் போகும். (எண்களுக்கான கட்டங்களை முதலிலேயே 'எழுத்து' வகைக்கு மாற்றிவிட்டால் முதல் இரண்டு சிக்கலும் தீரும். எக்செலோடு தொடர்பவர்கள் இதை மட்டுமாவது இன்றே செய்துகொள்ளலாம்.)

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2020ல் கோவிட் உச்சத்தில் இருந்தபோது இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியதால், அதன் 65,536 வரிசை வரம்பைத் தாண்டிய தரவுகள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுச் சம்பவங்கள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. நம் காப்பகம் எதுவும் 65,536 வரிசையைத் தொடப்போவதில்லை. ஆனால் கோப்பு தவறும்போது அது சத்தம் போட்டுச் சொல்லாது என்பது இருநூறு பூனைக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பிராணிக்குப் பல ஊசிகள், பல சிகிச்சைகள், சில சமயம் இரண்டு முறை தத்தெடுப்பு. ஒரே வரிசையில் இதையெல்லாம் அடைக்க முயன்றால் 'ஊசி 1', 'ஊசி 2' என்று பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். தரவுத்தளத்தில் பிராணிகள் ஒரு பட்டியல், ஆட்கள் ஒரு பட்டியல், மருத்துவம் ஒரு பட்டியல். மூன்றையும் அந்த மாறாத எண் கோத்து வைக்கும். "இந்த வாரம் யாருக்கெல்லாம் ஊசி?" என்று கேட்டால் பட்டியல் வர வேண்டும். வராவிட்டால் அது தரவுத்தளம் இல்லை, அழகாகக் கோடு போட்ட 555 புத்தகம்.

சட்டம் வந்த பிறகு

மலேசியாவில் விலங்குகள் நலச் சட்டம் 2015ல் நிறைவேறி, 2017 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. கொடுமை புரிந்தால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு காலத்தில் வெறும் 200 வெள்ளி அபராதத்தோடு முடிந்த குற்றம் இது. செய்திகளில் அடிபடுவது இந்தத் தண்டனைப் பகுதிதான். காப்பகம் நடத்த உரிமம் தேவை என்ற பகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. உரிமம் என்று வந்துவிட்டாலே எத்தனை வந்தன, எத்தனை போயின, எத்தனை இறந்தன, ஏன் என்ற கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் பதில் வைத்திருப்பது காப்பகத்துக்கே பாதுகாப்பு. நோய் பரவிப் பத்துக் குட்டிகள் இறந்துபோனால், சிகிச்சை கொடுத்ததற்குத் தேதியோடு பதிவு இருக்கும் காப்பகமும் இல்லாத காப்பகமும் விசாரணையில் ஒன்றாக நிற்பதில்லை.

சங்கமாகப் பதிவு பெற்றவர்களுக்கு இன்னொரு கடமையும் சேர்கிறது. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கறிக்கையைப் பதிவகத்திடம் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் நன்கொடையாளருக்கு வரிவிலக்கு ரசீது தர விரும்பும் அமைப்பிடம் உள்நாட்டு வருமான வரி வாரியம் எதிர்பார்க்கும் ஒழுங்கு இன்னும் கடுமை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி, "கடந்த ஆண்டு எத்தனை பிராணிக்குக் கருத்தடை செய்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். "நிறைய" என்பது பதிலாகாது.

2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017ல் சரவாக்கில் தொடங்கிய பரவல் மனித உயிர்களையும் குடித்தது. அப்படி ஒரு சூழ்நிலை ஜொகூருக்கு வந்தால், எந்த நாய்க்கு எப்போது ஊசி போடப்பட்டது என்பதற்கு ஆதாரம் காட்ட முடியாத காப்பகத்தின் நாய்கள் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்போது 555 புத்தகத்தைக் காட்டி வாதாட முடியுமா என்பது சந்தேகம்.

விலை என்ன?

அமெரிக்காவில் காப்பகங்களுக்கென்றே மென்பொருள் சந்தை ஒன்று இருக்கிறது. அங்குள்ள பெட்பாயிண்ட் காப்பகங்களுக்கு இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. பணம் வேறு வழியில் வருகிறது: தத்துப் போகும் பிராணிக்கான மைக்ரோசிப் பதிவும் காப்புறுதியும் அதே குழுமத்தின் வியாபாரம். அந்தக் காப்புறுதியை விற்க முடியாத தம்போய்க்கு அந்த இலவசம் பொருந்தி வராது. ஷெல்ட்டர்லவ் என்ற இன்னொன்று தத்தெடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்ற அடிப்படையில் கட்டணம் வாங்கி வளர்ந்தது. தத்தெடுப்புக் கட்டணமே நூற்றுக்கணக்கான டாலராக இருக்கும் நாட்டில் அது வலிக்காது. இங்கே பலர் பூனையை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

மாதக் கட்டண மென்பொருளின் கணக்கை ஓர் உதாரணத்தோடு போட்டுப் பார்க்கலாம். மாதம் 40 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 480 டாலர். டாலருக்கு 4.20 வெள்ளி என்றால் 2,016 வெள்ளி. வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி உண்டு. தொடக்கத்தில் 6 விழுக்காடாக இருந்த அது, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. இங்கே வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் அதையும் சேர்த்து ஏறக்குறைய 2,177 வெள்ளி. ஒரு பெண் பூனைக்குக் கருத்தடைச் செலவு 150 வெள்ளி என்று கொண்டால், அந்தப் பணம் 14 பூனைக்கான கருத்தடை. காப்பகக் குழுவில் யாராவது மென்பொருள் பற்றி வாய் திறந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பது ஏன் என்பது இந்தக் கணக்கில் புரிந்துவிடும்.

ஆனாலும் அந்தக் கணக்கு பாதிதான். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். நான்கு மாதக் குட்டியே சினை பிடிக்கலாம். "வளர்ந்ததும் கருத்தடை செய்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துக் குட்டியைத் தூக்கிப் போனவரை உரிய மாதத்தில் அழைத்து நினைவூட்டுவதற்கு ஒரு பட்டியல் இல்லாவிட்டால், 14 பூனைக்குச் செய்த கருத்தடையை இரண்டே வீடுகள் ஓராண்டில் இல்லாமல் ஆக்கிவிடும்.

இலவசமாக இருப்பது

உண்மையிலேயே கட்டுப்படியாகும் வழி ஒன்று இருக்கிறது. அனிமல் ஷெல்ட்டர் மேனேஜர், சுருக்கமாக ஏ.எஸ்.எம்., பிரிட்டனில் உருவான திறமூல மென்பொருள். ஜி.பி.எல். உரிமத்தில் வருவதால் யாரும் காசு கொடுக்காமல் பதிவிறக்கலாம், மாற்றி எழுதலாம். இப்போதைய மூன்றாம் பதிப்பு பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. தரவுகளை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற எதிலும் சேமிக்கும். மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவை. பிராணி வருகை, மருத்துவம், ஊசி நினைவூட்டல், தத்தெடுப்புப் படிவம், நன்கொடை, தொலைந்தது கிடைத்தது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி எல்லாம் அதில் இருக்கின்றன. உலாவி வழியாக இயங்குவதால் கைப்பேசியிலும் திறக்கலாம். தாங்களே பராமரிக்க முடியாதவர்களுக்காக அதை உருவாக்கியவர்களே கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் கணினியில் நடத்தியும் தருகிறார்கள்.

இலவச மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. லினக்ஸ் கணினி ஒன்று வேண்டும், பழையதாக இருந்தாலும் போதும். அதை நிறுவத் தெரிந்தவர் வேண்டும். தினமும் ஒரு நகல் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் வெள்ளமும் மின்னலும் ஜொகூருக்குப் புதிதல்ல. முக்கியமாக, நிறுவியவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாலும் கடவுச்சொல் சங்கத்திடம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பல நல்ல முயற்சிகள் தோற்கும்.

அருகிலுள்ள ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினித் துறை மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இடம். "எங்களுக்கு ஒரு மென்பொருள் எழுதித் தாருங்கள்" என்று அங்கே போவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. மாணவர் திட்டம் மதிப்பெண் வாங்கிய நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு வரும் பிழையை யார் திருத்துவது? ஏற்கெனவே உலகெங்கும் பல காப்பகங்கள் பயன்படுத்தும் ஏ.எஸ்.எம். போன்ற ஒன்றை நிறுவித் தாருங்கள், மலாய், தமிழ், சீன மொழிகளில் படிவங்களை அமைத்துத் தாருங்கள், பணியாளருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது மேல். புதிதாக எழுதுவதைவிட இது சின்ன வேலை. பட்டம் வாங்கிப் போன மாணவரைத் தேடி அலைய வேண்டிய நிலையும் வராது.

லினக்ஸ் என்றாலே பயப்படும் சிறு குழுக்களுக்கு நடுவழிகளும் உண்டு. பதிவு பெற்ற அமைப்புகளுக்குக் கூகுளும் மைக்ரோசாப்டும் தங்கள் அலுவலகச் சேவைகளை இலவசமாகவோ சலுகை விலையிலோ தருகின்றன. மலேசிய அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். கூகுள் தாளில் பிராணி, ஆள், மருத்துவம் என்று மூன்று தாள் போட்டு, எண்ணால் கோத்தால் 50 பிராணி வரை தாங்கும். ஏர்டேபிள் பார்க்க அழகானது, பழகவும் சுலபம். ஆனால் அதன் இலவசத் திட்டம் ஒரு தரவுத்தளத்துக்கு 1,000 பதிவுகளோடு நின்றுவிடும். இருநூறு பிராணிக்குத் தலா ஐந்து மருத்துவக் குறிப்பு என்றாலே 1,000 வந்துவிடுகிறது. மைக்ரோசாப்ட் ஆக்சஸ் விண்டோஸ் கணினியை விட்டு வெளியே வராது. லிப்ரெ ஆபிஸ் பேஸ் இலவசம், ஆனால் ஒரே மேசைக்கு ஏற்றது. எதை எடுத்தாலும் ஒன்றைச் சோதித்துவிட்டே உள்ளே இறங்க வேண்டும்: நாளைக்கு இதைவிட்டு வெளியேற நினைத்தால் எல்லாத் தரவையும் சாதாரணக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு இலவசமாக இருந்தாலும் வேண்டாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர்பாருவுக்கு வேறெந்த ஊருக்கும் இல்லாத ஓர் அவசரம் இருக்கிறது. சிங்கப்பூரில் நாய்களுக்கு உரிமமும் சிப்பும் கட்டாயம். 2024 செப்டம்பர் 1 முதல் பூனைகளுக்கும் உரிமம் வந்துவிட்டது. பூனை வைத்திருப்பவர்கள் சிப் பொருத்தி இணையம் வழி பதிவு செய்ய 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. தெருநாய்களுக்கு 2018 நவம்பரில் தொடங்கிய பிடித்தல், கருத்தடை, மறுவாழ்வு அல்லது விடுவிப்புத் திட்டம், ஐந்தாண்டில் 70 விழுக்காட்டு நாய்களுக்குக் கருத்தடை என்ற இலக்கோடு அறிவிக்கப்பட்டது. இலக்கை விழுக்காட்டில் சொல்ல வேண்டுமானால் மொத்தம் எத்தனை, செய்தது எத்தனை என்று இரண்டு எண்ணும் கையில் இருந்தாக வேண்டும்.

இங்கிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து அங்கே கொண்டுபோக விரும்புகிறவருக்கு சிப் எண், வெறிநாய்க்கடித் தடுப்பூசித் தேதி, எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை முடிவு எல்லாம் காகிதத்தில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சிப் பொருத்திய பிறகே ஊசி என்ற வரிசையும் முக்கியம். ஒரு தேதி இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. தனிமைப்படுத்தும் கூண்டில் கூடுதல் நாள் கிடப்பது நாய்தான்.

2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதில் காப்பகங்களுக்கு ஒரு சின்ன நன்மை உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் குடும்பத்தினரும் இங்கே வேலை செய்வோரும் ஒரே நாளில் ஓய்வாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூண்டு கழுவ வருகிறவர்களில் இருவரைக் கணினிப் பக்கம் உட்கார வைப்பது முன்பைவிடச் சுலபம்.

சென்னையும் கோவாவும்

தெருநாயைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1964லேயே சொல்லத் தொடங்கியது சென்னையின் புளூ கிராஸ். 1959ல் கேப்டன் வி.சுந்தரம் தொடங்கிய அமைப்பு அது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்து சேர 1996 ஆயிற்று. இன்று இந்தியாவே அந்த வாதத்தில் மூழ்கியிருக்கிறது. டில்லி தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவை 2025 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம் திருத்தியது. கருத்தடையும் ஊசியும் முடித்து, நோயுற்றவை, மூர்க்கமானவை தவிர்த்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. நவம்பர் 7ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை மட்டும் அங்கேயே திருப்பி விடக்கூடாது என்று இன்னோர் உத்தரவு வந்தது.

நாய் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஆனால் இரண்டு உத்தரவுமே ஒரே ஒரு தகவலின்மேல் நிற்கின்றன: நாய் எந்த இடத்தில் பிடிபட்டது? வண்டியில் ஏற்றும்போது அதை எழுதாவிட்டால் முதல் உத்தரவையும் நிறைவேற்ற முடியாது, இரண்டாவதையும் முடியாது.

அதை எழுதும் வேலையை நன்றாகச் செய்து காட்டிய இடம் கோவா. வெறிநாய்க்கடி ஒழிப்புக்காக அங்கே இயங்கிய மிஷன் ரேபிஸ் குழுவினர் தெருவில் நின்றபடியே கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு ஊசியையும் இடக்குறிப்போடு பதிந்தார்கள். எந்தத் தெரு விடுபட்டது என்பது அன்று மாலையே வரைபடத்தில் தெரியும், மறுநாள் அங்கே போவார்கள். 2018 முதல் மூன்றாண்டுகள் மனித உயிரிழப்பு பதிவாகாத நிலையில், 2021ல் கோவா வெறிநாய்க்கடி கட்டுப்பாட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. செயலிதான் நோயை விரட்டியது என்று சொன்னால் தெருத்தெருவாக வலையோடு ஓடியவர்களுக்கு அநியாயம். ஆனால் எங்கே ஓட வேண்டும் என்று சொன்னது அந்தப் பதிவுதான். அதே குழுவுக்குப் பின்னால் இருக்கும் உலகளாவிய கால்நடை மருத்துவச் சேவை அமைப்பு, நீலகிரியில் ஊட்டியில் பயிற்சி மையமும் நடத்துகிறது.

மறந்துபோகும் ஒன்று

தத்தெடுப்பவரின் அடையாள அட்டையைப் படமெடுத்துப் புலனக் குழுவில் போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வீட்டு முகவரி, வேலை இடம், கூண்டு வைத்திருக்கும் இடத்தின் படம் எல்லாம் நாற்பது ஐம்பது பேர் கைப்பேசியில் என்றென்றும் கிடக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. தத்தெடுப்பு அதற்குள் வருமா என்று சட்டம் படித்தவர்கள் வாதாடலாம். 2024ல் நிறைவேறிய திருத்தம் தண்டனையை 1 மில்லியன் வெள்ளி வரை உயர்த்தியதோடு, தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமையை 2025 ஜூன் 1 முதல் கொண்டுவந்திருக்கிறது. சட்டம் பொருந்துகிறதோ இல்லையோ, ஒருவரின் அடையாள அட்டை எண் மோசடிக்காரர் கைக்குப் போனால் அவருக்கு அடுத்த முறை காப்பகத்தின்மேல் நம்பிக்கை வராது. உள்நுழைவுச் சொல்லும், யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் உள்ள தரவுத்தளம் இந்த விஷயத்தில் புலனக் குழுவைவிட எவ்வளவோ மேல்.

மன்றத்தின் பங்கு

காப்பகங்கள் தனித்தனியாக மென்பொருள் தேடி அலைவதே கொஞ்சம் வேடிக்கையானது. உரிமம் கேட்பது அரசு. நாய் உரிமப் பட்டியல் வைத்திருப்பது ஊராட்சி மன்றம். பிடிபட்ட நாய்களைச் சில நாள் வைத்திருப்பதும் மன்றமே. அந்தச் சில நாள்தான் ஒரு நாயின் உயிருக்குக் கிடைக்கும் தவணை. பிடித்த தேதி, தெரு, படம், சிப் எண் என்ற நான்கை மட்டும் அன்றன்றே இணையத்தில் ஏற்றினால், தம்போயில் நாயைத் தொலைத்தவர் அந்தத் தவணைக்குள் வந்து சேர வாய்ப்புண்டு. இதற்குப் பெரிய ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. வண்டியில் ஒரு ஸ்கேனரும் ஒரு கைப்பேசியும் போதும்.

திறமூல மென்பொருளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ஒரே சேவையகத்தில் பல காப்பகங்களுக்குத் தனித்தனித் தரவுத்தளம் வைக்கலாம். கால்நடை மருத்துவச் சேவைத் துறையோ மாநகர் மன்றமோ ஒன்றை நிறுவி, உரிமம் பெற்ற காப்பகங்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 வெள்ளி தேட வேண்டாம். அரசிடம் எல்லாத் தகவலும் போய்விடுமே என்ற தயக்கம் காப்பகங்களுக்கு வரும். அது நியாயமான தயக்கம். எண்ணிக்கை மட்டும் துறைக்கு, ஆட்களின் விவரம் காப்பகத்துக்கு மட்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டாலொழிய யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

அதுவரை காத்திருக்க முடியாத காப்பகம், பழைய 555 புத்தகங்களைக் கணினியில் ஏற்ற முயல வேண்டாம். அதில் இறங்கியவர்கள் பாதியில் களைத்துப் போவார்கள். இன்று கூண்டில் இருப்பவற்றுக்கு மட்டும் எண் கொடுத்து, படம் எடுத்து, தெரிந்த ஊசித் தேதியை எழுதினால் போதும். கூண்டுக் கதவில் அந்த எண்ணை ஒட்டிவிட வேண்டும். மாதக் கடைசியில் ஒரே ஒரு கூட்டல் கழித்தல்: மாதத் தொடக்கத்தில் இருந்தவை, அதோடு வந்தவை, அதிலிருந்து தத்துப் போனவை, இறந்தவை, வேறிடம் போனவை கழிய, மீதி எத்தனை? பிறகு கூண்டு கூண்டாக நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் மாதம் அந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. எந்தக் கூண்டில் இடிக்கிறது என்று தேடப் போகும்போதுதான், மூன்று கருப்பன்களில் ஒருவனுக்கு இன்னும் ஊசியே போடவில்லை என்பது தெரியவரும்.